ஐஸ் கம்பெனியில் பவுடர் வாசம்

ஏப்ரல் 8, திங்கள்

பதினான்காவது கலவை தேறிவிட்டது. பதிமூன்றைக் கழுவி ஊற்றியவள் சொல்கிறேன், இது தேறிவிட்டது. காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு, சன்னலோரம் நின்று முகர்ந்தேன். முதலில் குளிர். அதன் பின்னால் ஈரச் சாக்கு, மரத்தூள், ஒரு இழை டீசல். அரை மணி கழித்து உப்பு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அப்பா மேனேஜராக இருந்த ஐஸ் கம்பெனி, கோயம்புத்தூரில் என் மாடி அறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெயர் வைக்க யோசிக்கவே இல்லை. ‘ஐஸ் கம்பெனி’தான்.

மே மாதக் கடைசிக்குள் அறுபது பாட்டில் புதுச்சேரிக்குப் போக வேண்டும். அங்கே விக்தோர் என்று ஒருவர் சின்னக் கடை வைத்திருக்கிறார். என்னைப் போலத் தனியாக உட்கார்ந்து வாசனைத் திரவியம் செய்பவர்களின் சரக்கை மட்டும்தான் விற்பார். "மல்லிகை, சந்தனம் எல்லாம் எங்கிட்ட வேணுங்கிற அளவு இருக்கு மேடம். நீங்க உங்க ஊரை பாட்டில்ல போட்டுக் குடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.

பத்து வருடம் ஒரு சோப்புக் கம்பெனிக்கு வாசனை கலந்து கொடுத்தேன். எட்டு வருடமாகச் சொந்தமாகச் செய்கிறேன். எனக்குச் சோறு போடுவது என் மூக்கு. கர்வம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் தங்கை பியூலா பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை உறுதியாகிவிட்டதாம். ஜூன் ஒன்பதாம் தேதி குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். "அப்போ அம்மா?" என்று நான் கேட்பேன் என்று காத்திருந்தாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவளோடு இருக்கும் எங்கள் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மஸ்கட்டுக்கு வரவே மாட்டேன் என்கிறார், ஒன்று நான் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முதியோர் இல்லம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க எனக்கு எதுவும் இல்லை.

காஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ணியாயிற்று.

ஏப்ரல் 9, செவ்வாய்

காஸ் வரவில்லை. நேற்றைய பட்டையில் இன்னும் உப்பு நிற்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

பாட்டிலோடு வைக்க ஒரு சின்னக் குறிப்பு வேண்டும் என்று விக்தோர் கேட்டிருந்தார். காலையிலிருந்து எழுதி எழுதிக் கிழித்தேன்.

கம்பெனி பெரியப்பாவுடையது. அப்பா அதில் சம்பளத்துக்கு இருந்தவர். சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள் பள்ளி. மணி அடித்ததும் நானும் பியூலாவும் நேரே அங்கே போய்விடுவோம். முன்னால் அப்பாவின் ஆபீஸ் அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு காலண்டர். அதற்குப் பின்னால் தடித்த மரக் கதவு, அதைத் திறந்தால் ஐஸ் அறை. ஆளுயரத்துக்கு ஐஸ் பார்களை அடுக்கி மரத்தூள் கொட்டி வைத்திருப்பார்கள். அப்பா எங்களுக்குப் பரோட்டா வாங்கி வைத்திருப்பார். மேசையில் கணக்குப் புத்தகத்தைத் தள்ளிவிட்டுச் சாப்பிடுவோம்.

அந்த அறையில் என்னென்ன வாசம் இருந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அமோனியா, சாக்கு, மரத்தூள், டீசல், பசை, அப்பாவின் வியர்வை. ஆறு. ஏழாவது கிடையாது.

அம்மா அந்த அறையில் இல்லை. 1991இல், எனக்குப் பதிமூன்றும் பியூலாவுக்கு ஏழும் நடக்கும்போது, திருநெல்வேலி டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்தது என்று போய்விட்டவர். எங்கள் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவதில்லை, போனால் திரும்பி இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று பெரியப்பா சொன்னார். அம்மா போனார். மிதிக்கவும் இல்லை. பிள்ளைகள் என்று இரண்டு பேர் இருந்ததே அவருக்கு மறந்துவிட்டது.

குறிப்பில் இதையெல்லாம் எழுத முடியாது. துறைமுகம், குளிர், உப்பு என்று நாலு வரி எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

ரம்ஜான் லீவு முடிந்து ரமீஜா வந்தாள். ஐந்து வருடமாக என்னோடு வேலை செய்கிறாள். எடை போடுவது, பாட்டில் நிரப்புவது, லேபிள் ஒட்டுவது, நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்று என்னைத் திட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. பெருமையாக ஒரு பட்டையை நீட்டினேன்.

"சூப்பருங்கக்கா. குளுகுளுன்னு இருக்குது" என்றாள். மறுபடி முகர்ந்தாள். "யாருங்கக்கா இந்தம்மா?"

"எந்தம்மா?"

"பவுடர் போட்டுட்டு ஒரு அம்மா நிக்கறாங்களே."

"நீ பெருநாளைக்குப் போட்ட பவுடரா இருக்கும். மூஞ்சியைக் கழுவிட்டு வா."

"நான் பவுடரே போடறதில்லீங்க. க்ரீம்தான்" என்று கன்னத்தைக் காட்டினாள். ஆனாலும் போய்க் கழுவிவிட்டு வந்தாள். திரும்ப முகர்ந்தாள். "நிக்கறாங்கக்கா" என்றாள்.

ஏப்ரல் 18, வியாழன்

கண்ணாடிச் சாமான் அத்தனையும் ஸ்பிரிட்டில் கழுவிக் காயவைத்தேன். பதினான்கைப் புதிதாக ஒருமுறை கலந்தேன். அதே பாட்டில்கள், அதே அளவுகள். என் மூக்குக்கு ஐஸ் கம்பெனி, ஐஸ் கம்பெனியாகவே இருக்கிறது. ரமீஜாவுக்கு அந்த அம்மா இன்னும் போகவில்லையாம்.

பார்சல் எடுக்க வந்த கொரியர்காரரைப் பிடித்து நிறுத்திப் பட்டையை நீட்டினேன். "குளிப்பாட்டி விட்ட கொழந்தை மாதிரி இருக்குதுங்" என்றார். ஐஸ் கம்பெனியில் குழந்தைக்கு என்ன வேலை?

இவர்களுக்கெல்லாம் சளி பிடித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 22, திங்கள்

சாம்பிள் கிடைத்தது என்று விக்தோர் கூப்பிட்டார். "மேடம், அருமை. முதல்ல பயந்துட்டேன், மூக்குல ஐஸ் வெச்ச மாதிரி. ஆனா ஒரு மணி நேரம் கழிச்சு மெதுவா அந்த லேடி வர்றாங்க பாருங்க."

"எந்த லேடி?"

"அதை நீங்கதான் மேடம் சொல்லணும்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு எனக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் மூக்கு போய்விட்டால் நான் என்ன செய்வேன்? சமையலறைக்குப் போய் சீரகம், சோம்பு, ஓமம் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். மூன்றும் சரியாக வந்தன.

ஏப்ரல் 23, செவ்வாய்

தலைவலி. வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 27, சனி

பியூலா கூப்பிட்டாள். முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறதாம்.

"ஃபார்ம் குடுத்திருக்காவக்கா. பிள்ளைகள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்."

"அனுப்பு. போட்டு அனுப்புதேன்." பியூலாவோடு பேசினால் மட்டும் எனக்குத் தூத்துக்குடிப் பேச்சு வந்துவிடுகிறது.

"ஒரு தடவை வந்து அம்மாவைப் பாத்துட்டு முடிவு பண்ணேன்."

"முடிவெல்லாம் அவங்க முப்பத்து மூணு வருசத்துக்கு முன்னாடியே பண்ணியாச்சு."

"நீ அவ்வகூடப் பேசக்கூட வேண்டாம். இருக்க ஒரு ரூம் குடுத்தாப் போதும். உன்னைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு குறை சொன்னதில்லக்கா அம்மா."

"வேண்டாம் பியூலா" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேச்சை மாற்ற வேண்டி, ‘ஐஸ் கம்பெனி’ சாம்பிள் ஒன்று அனுப்பிவைக்கிறேன், முகர்ந்து பார்த்துச் சொல் என்றேன். அவளும் அங்கே வளர்ந்தவள்தானே. அவளுடையது சாதாரண மூக்கு என்றாலும் நியாயமாகச் சொல்வாள்.

துணி காயப்போட்டேன். சாயங்காலம் மழை வந்து எல்லாம் நனைந்துவிட்டது.

மே 2, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதிவிட வேண்டும்.

காலையில் ரமீஜா, "கோவிச்சுக்கக் கூடாது" என்று பீடிகை போட்டுக்கொண்டு வந்தாள். நான் நேற்று வங்கிக்குப் போயிருந்தபோது, பதினான்கில் சேரும் ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியாகத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறாள். ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இதுதானுங்கக்கா அந்தம்மா."

மஸ்க் பாட்டில். மஸ்க் என்பது செயற்கைக் கஸ்தூரி. சட்டென்று பறந்துவிடும் வாசங்களை இழுத்துப் பிடித்து நிறுத்தக் கடைசியில் கொஞ்சம் சேர்ப்போம். முகப் பவுடரில் மற்றதெல்லாம் ஓடிய பிறகும் மணிக்கணக்காக நிற்பது இதுதான். எனக்குத் தெரிந்து இது சத்தம் போடாத சரக்கு. மூக்கில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"இதா? இதுல வாசமே கம்மி" என்றேன்.

ரமீஜா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூன்று பட்டைகளை எடுத்தாள். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். ஒன்றை மட்டும் மஸ்க்கில் தோய்த்து, மற்ற இரண்டை வெறுமனே வைத்து, எது என்று கேட்டாள். நடுவில் உள்ளது என்றேன். இல்லை. மறுபடி மாற்றி வைத்தாள். இடதுபக்கம் என்றேன். இல்லை. மூன்றாம் முறை வலதுபக்கம் என்றேன். அதுவும் இல்லை.

சிலருக்குச் சில வகை மஸ்க்கின் வாசம் பிறவியிலேயே தெரியாது. படித்திருக்கிறேன். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்று பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பத்துக்கு ஒன்று என்று வாசமில்லாத எண்ணெயில் கரைத்த மஸ்க்கைத்தான் நான் ஊற்ற வேண்டும். கரைத்ததும் கரைக்காததும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். லேபிள் உரிந்து போயிருந்தால், மூக்கருகே காட்டித் தெரிந்துகொள்வது என் பழக்கம். இதையும் காட்டியிருக்கிறேன். ஒன்றும் வரவில்லை, ஆகவே கரைத்தது என்று எடுத்திருக்கிறேன். அது கரைக்காதது. பத்து மடங்கு போய்விட்டது. ஊரில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது, செய்தவளுக்குத் தெரியவில்லை.

அழுதேன். ரமீஜா டீ போட்டுக் கொடுத்தாள். "உங்களுக்கு ஒண்ணு தெரியலைன்னா எனக்குத் தெரியுதுல்லங்கக்கா, அப்புறமென்ன" என்றாள். அந்தச் சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 3, வெள்ளி

பதினைந்தாவது கலவை. மஸ்க் சரியான அளவில். ரமீஜா முகர்ந்து பார்த்து, "இப்ப யாரும் இல்லீங்க. வெறும் கம்பெனிதான்" என்றாள்.

பதினான்கையும் பதினைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மே 6, திங்கள்

பியூலா கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"பாட்டில் வந்துட்டுக்கா. எதுக்கு இப்படிப் பண்ணுன?"

"என்ன பண்ணுனேன்?"

"வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு அம்மாவை இதுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்க."

அது கைத்தவறு, மஸ்க், பத்து மடங்கு என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் காதில் விழவில்லை.

"சனிக்கிழமை நாம ஸ்கூல் விட்டுப் போகையில ஆபீஸ் ரூம்ல இந்த வாசம்தாங்க்கா இருக்கும். அப்பா துண்டுல, நாற்காலியில. அமோனியாவையும் மீறி வரும். நான் உள்ள போன உடனே அந்தத் துண்டை எடுத்து மூஞ்சியில வச்சுக்கிடுவேன். ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருக்கிறது. அழுக்குத் துண்டை ஏன் முகத்தில் வைக்கிறாய் என்று அவள் தலையில் குட்டியிருக்கிறேன்.

"அம்மா வாசம் எப்படி அங்க வரும்?" என்று கேட்டேன்.

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்க? சனிக்கிழமை சனிக்கிழமை வருவாவல்லா. பெரியப்பா அன்னைக்குக் காலையில உப்பளத்துக்குப் போயிருவாவ. அந்த நேரம் பாத்து வந்து, நம்ம ரெண்டு பேரையும் பத்தி அப்பாகிட்ட எல்லாம் விசாரிச்சுட்டு, நாம வாரதுக்குள்ள போயிருவாவ. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா அப்பாவுக்கு வேலை போயிரும். பிள்ளைகள் வாய்தவறிச் சொல்லிரும்னு நம்மகிட்டயும் மறைச்சுட்டாவ. நான் வாசத்தை வச்சுக் கண்டுபிடிச்சேன். ஏழு வயசுல எனக்கே தெரிஞ்சுதுன்னா உனக்குத் தெரியாமலா இருக்கும்? நீதான் பக்கத்து வீட்டுல என்ன குழம்புன்னு சொல்லுதவளாச்சே."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயும் சொல்லலியே. பேசக் கூடாத விசயம்னு நெனச்சேன். பெரியவளான பெறவு, எல்லாம் தெரிஞ்சும் நீ வீம்பு பிடிக்கன்னு நெனச்சு உம்மேல எனக்கு அம்புட்டுக் கோவம்."

எனக்குத் தெரியாது பியூலா என்றேன். அந்த வாசம் எனக்கு வராது, பிறவியிலேயே வராது, போன வாரம்தான் தெரிந்தது என்றேன். அவள் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மே 7, செவ்வாய்

91இலிருந்து 96இல் கம்பெனியை விற்கும்வரை. ஐந்து வருடச் சனிக்கிழமைகள்.

மே 10, வெள்ளி

மூன்று நாளாக வேலை செய்யவில்லை. ரமீஜா வந்து பாட்டில்களைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது அம்மா கடிதம் போட்டார். ஒன்றையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். 2009இல் அப்பா இறந்தபோது வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். மூத்தவள் நான், உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டியவள் நான்தான். சொல்லவில்லை. பியூலா போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவர் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதபோது, இவருக்கு என்ன உரிமை என்று பாத்திரத்தை உருட்டினேன்.

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. விட்டுப் போனவர் ஒருநாளாவது எட்டிப் பார்த்தாரா? எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் எனக்காக உச்சுக்கொட்டினார்கள்.

அப்பா மேல் கோபம் வருகிறது. கம்பெனி கைமாறிய பிறகாவது சொல்லியிருக்கலாம். பியூலாவிடம் கேட்டேன். "சொல்லப் பாத்தாவக்கா. அம்மா பேரை எடுத்தாலே நீ எந்திரிச்சுப் போயிருவ" என்றாள். உண்மைதான். போயிருக்கிறேன்.

மே 13, திங்கள்

கையெழுத்துப் போட வேண்டிய ஃபார்ம் தபாலில் வந்தது. பியூலாவைக் கூப்பிட்டு, போடப் போவதில்லை, அம்மா இங்கே வரட்டும் என்றேன்.

"நான் சொன்னா வரமாட்டாவ. நீயே கேளு" என்று போனைக் கொடுத்துவிட்டாள். நான் தயாராகவே இல்லை.

"நான் சீலி பேசுதேன்" என்றேன். ஜெயசீலியைச் சீலி என்று கூப்பிட்டவர் அவர்தான்.

"தெரியுது."

"இங்க வந்து இருங்க."

"உனக்குச் சிரமம் இல்லியா?"

"மாடிப்படி பதினெட்டு இருக்கு. ஏறுவீங்களா?"

"மெதுவா ஏறுவேன்."

"சரி."

"எனக்குச் சக்கரை இருக்கு. காப்பியில சீனி போடாத" என்றார். முப்பத்து மூன்று வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. மன்னிப்புக் கேட்கலாம் என்று எடுத்த போன். படிக்கட்டை எண்ணிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பின்அறையில் கிடந்த அட்டைப் பெட்டிகளை ரமீஜாவும் நானும் மொட்டைமாடி ஷெட்டுக்கு மாற்றினோம். ஃபேன் சத்தம் போடுகிறது. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும்.

மே 21, செவ்வாய்

அறுபது பாட்டில் புதுச்சேரிக்குப் போய்விட்டது. பதினான்காவது கலவைதான். விக்தோரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ அந்த லேடி தப்பா வந்தவங்களா மேடம்?"

"வந்துட்டாங்க. இருக்கட்டும்" என்றேன்.

அளவு நோட்டில் மஸ்க்கின் எடையை, தவறி ஊற்றிய அந்தப் பத்து மடங்காகவே, மையால் எழுதினேன். இனிமேல் மஸ்க் பாட்டில் எதுவானாலும் ரமீஜா முகர்ந்து சொன்ன பிறகுதான் ஊற்றுவது. அவளுக்கு ஒரே பெருமை.

மே 25, சனி

காலை ரயிலில் பியூலா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் நினைத்திருந்ததைவிட அம்மா குள்ளம். கேட்டுக்கு வெளியே நின்றவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, அப்போது உயரம் தெரியவில்லை. "மெலிஞ்சுட்டியே" என்றார். நான் மெலியவில்லை. எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று தெரியவில்லை.

பதினெட்டுப் படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஏழாவது படியில் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

பியூலா சாயங்காலமே கிளம்பிவிட்டாள், சாமான் கட்டும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறதாம். அவள் போன பிறகு வீட்டில் எனக்கு எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. தோசை சுட்டேன். மூன்று சாப்பிட்டார்.

மே 28, செவ்வாய்

கடுகு டப்பா இடம் மாறியிருக்கிறது. நான் கேட்கவில்லை. தேடி எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 1, சனி

ஒரு வாரமாகச் சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் வரும் நேரம் இவற்றைத் தவிர நாங்கள் எதுவும் பேசவில்லை.

இன்று காலை அம்மா கண்ணாடி முன்னால் நின்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். சீப்பு தேடுவதுபோலப் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு விநாடி சுண்ணாம்புக் கட்டியின் வாசம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். ஒன்றும் இல்லை. "சீப்பு உன் தலையிலதான் இருக்கு" என்றார்.

பத்து மணிக்கு என் வேலை அறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். ரமீஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றாள். நான் ஒரு பட்டையில் ‘ஐஸ் கம்பெனி’யை ஒரு சொட்டு விட்டு அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார். "அப்பா ஆபீஸ்" என்றார். பிறகு, "அமோனியா பத்தல" என்றார். ரமீஜா சிரித்துவிட்டாள்.

"முன்னால உள்ள ரூம் சரியா வந்திருக்கு. உள்ள ஐஸ் ரூம் இப்படி இருக்காது. அங்க ஒரு வாசமும் வராது. மூக்கு மரத்துப் போயிரும்" என்றார்.

"நீங்க ஐஸ் ரூமுக்குள்ள போயிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை."

நான் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன். அம்மா பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எப்பவும் பன்னெண்டரைக்கெல்லாம் கிளம்பிருவேன். அன்னைக்குப் பேச்சுல நேரம் போயிட்டு. பாத்தா வாசல்ல உங்க ரெண்டு பேர் சத்தம். அப்பா பயந்துபோயி என்னை ஐஸ் ரூமுக்குள்ள விட்டு, ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விட்டுக் கதவைச் சாத்திட்டாவ. ரெண்டு நிமிசத்துல உங்களை அனுப்பிரலாம்னு நெனச்சிருப்பாவ. நீ அன்னைக்குப் பேச்சுப் போட்டியில பரிசு வாங்கிட்டு வந்திருந்த. மேசை முன்னால நின்னு முழுசையும் அப்பாவுக்குப் பேசிக் காட்டுன. அப்பா, ‘போதும்மா, வீட்டுக்குப் போங்க’ன்னாவ. நீ விடல. ‘ஸ்கூல்ல இதைவிட நல்லாப் பேசுனேன், கேளுங்கப்பா’ன்னு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சுட்ட."

"எவ்வளவு நேரம் உள்ள நின்னீங்க?"

"நீ முடிக்கிற வரைக்கும்."

ரமீஜா குனிந்து லேபிள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"கை ரெண்டும் வெறச்சுப் போச்சு. பெறவு அப்பா சாக்கைப் போட்டுத் தேச்சு விட்டாவ. அழுதாவ. நான் அழல. உன் குரலைக் கேட்டு எட்டு மாசம் ஆயிருந்துச்சு, நான் எதுக்கு அழணும்?" என்றார். "நல்லாப் பேசுன."

பேச்சுப் போட்டி, பரிசு, அப்பாவிடம் பேசிக் காட்டியது எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த அறையில் ஆறு வாசம் என்று எண்ணி வைத்திருந்தவளுக்கு அதில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. "என்ன பேசுனேன்மா?" என்று கேட்டேன்.

அம்மா பட்டையை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவையோர்க்கு என் பணிவான வணக்கம். நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, நேரத்தின் அருமை."

பள்ளிக்கூடப் பிள்ளையின் ஏற்ற இறக்கத்தோடு, கையைக்கூட நீட்டி மடக்கிப் பேசினார். நடுவில் ஓரிடத்தில் நின்று யோசித்து, விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார். ரமீஜா எனக்கும் ஒரு ஸ்டூலை நகர்த்தினாள். நான் உட்காரவில்லை. அம்மா முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டேன்.